நாயைக் கண்டால் கயிற்றைக் காணோம்

பனியில் வண்டி இழுக்கும் நாய்களை வரைந்த ஓவியம் கண்ணில் பட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது நாயின் முகத்தை. நிமிர்ந்த காது, நீலக் கண், தொங்கும் நாக்கு. அழகுதான். ஆனால் அந்த ஓவியத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கயிற்றைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். எத்தனை கயிறு, வண்டியில் எங்கே முடிச்சு, நாயின் மேல் எங்கே வந்து சேர்கிறது? இதைக் கவனித்தால் ஓவியர் அந்த வண்டியை ஓட்டியவரா, கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தவரா, யாரோ சொன்னதைக் கேட்டு வரைந்தவரா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காரணம் எளிது. நாய்களைப் பூட்டும் முறை நிலத்தைப் பொறுத்தது. கிரீன்லாந்திலும் கனடாவின் வடகிழக்கிலும் மரமே கிடையாது, உறைந்த கடல்தான் சாலை. அங்கே ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு. எல்லாக் கயிறும் வண்டியின் முன்பக்கம் ஒரே இடத்தில் வந்து சேர, நாய்கள் விசிறிபோலப் பரவி ஓடும். மெல்லிய பனியில் ஒரு நாய் உள்ளே விழுந்தாலும் மற்றவை கூடவே இழுபடாது. முட்டுமுட்டாக நிற்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றும் தனக்கு வாகான இடத்தில் கால் வைத்துக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், நாய்கள் ஓடிக்கொண்டே இடம் மாறும். கொஞ்ச நேரத்தில் கயிறுகள் பின்னலாகிவிடும். ஓட்டி வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, உறைந்துபோன சீல் தோல் வாரைச் சிக்கெடுக்க வேண்டும்.

கனடாவின் காட்டுப் பகுதியில் இந்த விசிறிப் பூட்டு சரிப்படாது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் போனால் கதை முடிந்தது. அங்கே நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போகும், ஆழமான பனியில் மனிதன் மிதித்துப் போட்ட ஒடுக்கமான தடத்தில். கம்சட்காவிலும் பிற்பாடு அலாஸ்காவிலும் நடுவே ஒரு நீள வடம், அதன் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக நாய்கள், முன்னால் தலைமை நாய். விசிறி, வரிசை, ஜோடி ஆகிய இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வண்டி மிகப் பழையது. சைபீரியாவுக்கு வடக்கே ஷோகோவ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய சறுக்குவண்டிப் பாகங்களும் நாய் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா (மதுரை சுல்தானின் அரண்மனை வரைக்கும் வந்து போன அதே பயணிதான்) வோல்கா பக்கம் போனபோது, வடக்கே ‘இருள் நாட்டு’க்கு நாய் வண்டியில் போகும் வியாபாரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். வழிகாட்டும் நாயின் விலை ஆயிரம் தினார் வரை போகுமாம். எஜமான் அதை அடிக்க மாட்டானாம், திட்டக்கூட மாட்டானாம். சாப்பாடு முதலில் நாய்க்கு, அப்புறம்தான் மனிதனுக்கு. இல்லாவிட்டால் நாய் கோபித்துக்கொண்டு ஓடிவிடும், ஆளின் கதி அதோகதி. அவர் நேரில் போகவில்லை. ஆனாலும் தலைமை நாயின் மதிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நேரில் பார்த்து வரைந்தவர்களில் ஜான் வெப்பரிடமிருந்து தொடங்கலாம். கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் கூடச் சென்ற ஓவியர் இவர். 1779 பிப்ரவரியில் குக் ஹவாயில் கொல்லப்பட்ட பிறகு கப்பல்கள் வடக்கே போய், வசந்தகாலத்தில் கம்சட்கா கரையை அடைந்தன. பனிக்காலத்தில் பயணம் செய்யும் கம்சட்கா ஆள் ஒருவரை வெப்பர் அங்கே வரைந்தார். 1784இல் லண்டனில் செதுக்குப்படமாக அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போனது அது. வண்டி ஒல்லியானது, ஓட்டி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பயணத்தின் அதிகாரி ஜேம்ஸ் கிங் எழுதிய விவரம் படத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. மொத்தம் ஐந்து நாய்கள்: நான்கு நாய்கள் இரண்டு ஜோடியாக, ஒன்று முன்னால். கடிவாளம் நாயின் கழுத்துப்பட்டையில்தான் கட்டியிருக்கும், அதனால் அதை இழுத்துப் பயனில்லை. குரலை நம்பித்தான் வண்டி ஓடும். ஓட்டியின் கையில் ஒரு வளைந்த கம்பு. அதுவே சாட்டை, அதுவே கடிவாளம். கோடைக்காலம் வந்தால் நாய்களை அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டு, அக்டோபரில் சொந்த வீடு தேடி வந்து சேருமாம்.

ஜப்பானியரான மாமியா ரின்சோ 1808-09இல் சகாலின் தீவில் பயணம் செய்ததை வைத்து உருவான படத்தொகுப்பிலும் நாய் வண்டிகள் இருக்கின்றன. அந்தத் தீவு மக்களின் நாய்கள் பனியில் வண்டியும் இழுக்கும், கரையோரமாக நடந்து படகும் இழுக்கும்.

இவை எல்லாமே வெளியார் பார்வை. வண்டிக்குச் சொந்தக்காரர்கள் படம் போடவில்லையா? போட்டார்கள். அலாஸ்காவில் வால்ரஸ் தந்தத்தில் செய்த துளைக்கும் கருவிகளின் வில்மேல் வேட்டை, படகு, வீடு, வண்டி எல்லாவற்றையும் எறும்பு அளவில் கீறிவைத்தார்கள். ஆனால் காகிதத்தில், பெயர் தெரிந்த ஒருவர் வரைந்தது என்று பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது ஜான் சக்கியஸ் வரைந்த படம்.

சக்கியஸ் கிரீன்லாந்துக்காரர், வடதுருவப் பகுதிப் பூர்வகுடியான இன்யூட் இனத்தவர். 1816இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறி ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்கு வந்தார். எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித் என்ற பெயர்பெற்ற ஓவியர் அவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். 1818இல் ஜான் ராஸ் வடமேற்குக் கடல்வழி தேடிக் கிளம்பியபோது சக்கியஸ் மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனார். கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் வாழ்ந்த இனுகுயிட் மக்களை அந்தக் கப்பல்கள் சந்தித்தன. பனிமேல் நாய் வண்டிகளில் வந்தவர்கள் பயந்துபோய் எட்டவே நின்றார்கள். சக்கியஸ் வெள்ளைக் கொடியோடு தனியாக நடந்து போனார். நடுவே பனியில் ஒரு பிளவு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர். ஒரு கத்தியை எறிந்து பரிசாகக் கொடுத்தார். கப்பல்களைக் காட்டி, ‘இவை சூரியனிலிருந்து வந்தவையா, சந்திரனிலிருந்தா?’ என்று கேட்டார்களாம். மரமே வளராத ஊர். அவர்களுடைய வண்டியே எலும்பில் செய்தது. அத்தனை மரத்தை ஒரே இடத்தில் பார்த்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்!

1818 ஆகஸ்ட் 10 என்று தேதியிட்டு சக்கியஸ் இந்தச் சந்திப்பை வரைந்தார். மறு ஆண்டு ராஸின் நூலில் அது வெளியானது. பிரிட்டிஷ் அதிகாரிகள் முழுச் சீருடையும் தொப்பியுமாகப் பனியில் நிற்கிறார்கள். கண்ணாடியும் கத்தியும் கை மாறுகின்றன. நாய் வண்டிகள் இருக்கின்றன. ஐரோப்பிய உடையில் சக்கியஸும் இருக்கிறார், தன்னையே படத்துக்குள் சேர்த்துக்கொண்டு. இரண்டு பக்கமும் சேராத ஒரு மனிதர் வரைந்த படம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ராஸின் தொப்பியும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, இனுகுயிட் வேட்டைக்காரரின் வியப்பும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நாய்கள் மட்டும் சாதாரணமாக இருக்கின்றன, ஏனென்றால் சக்கியஸுக்கு அவை சாதாரணம். அடுத்த பிப்ரவரியில், இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், எடின்பரோவில் காய்ச்சலில் இறந்துபோனார்.

காட்டுப் பகுதிக்கு வருவோம். கனடாவின் உள்நாடு அன்று ஹட்சன் பே கம்பெனியின் ராஜ்யம். தோல் வியாபாரம்தான் எல்லாம். கோடையில் படகு, பனிக்காலத்தில் நாய். கடிதம், சரக்கு, அதிகாரி எல்லாமே நாய்களின் முதுகெலும்பில்தான் நகர்ந்தன. பீட்டர் ரிண்டிஸ்பாக்கர் என்ற சுவிஸ் பையன் 1821இல் பதினைந்து வயதில் குடும்பத்தோடு ரெட் ரிவர் குடியேற்றத்துக்கு வந்தான். இன்றைய வினிபெக் இருக்கும் இடம். குடியேறியவர்களுக்குச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். பையன் கம்பெனி அதிகாரிகளுக்கு நீர்வண்ணப் படங்கள் போட்டு விற்றான். நாய் இழுக்கும் காரியோலில் கனவான் ஒருவர் போகும் படம் அவற்றில் ஒன்று. காரியோல் என்பது பலகைச் சறுக்குவண்டிக்குத் தோல் சுவர் வைத்தது. பெரிய மனிதர் அதற்குள் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். ஓட்டி பனிக்காலணி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுவான், வழிகாட்டி முன்னால் நடப்பான். 1825 வாக்கில் லண்டனில் இந்தப் படங்கள் கல்லச்சில் வந்தபோது, ‘அந்த இடத்திலேயே இருந்த கனவான் ஒருவர்’ எடுத்தவை என்று போட்டார்கள். வரைந்த பையனின் பெயர் இல்லை. 1826 வெள்ளத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா போய்விட்டது. 28 வயதில் செயின்ட் லூயிஸில் அவர் வாழ்க்கை முடிந்தது.

அதே வண்டி, அதே ஒற்றை வரிசை, ஆனால் கல்யாணக் கோலத்தில் வேண்டுமென்றால் பால் கேன் இருக்கிறார். டொரன்டோவில் வளர்ந்த இந்த ஓவியர் 1846 முதல் 1848 வரை கம்பெனி எல்லைக்குள் மேற்குக் கடற்கரை வரை போய் வந்தவர். 1848 ஜனவரியில் எட்மண்டன் கோட்டையில் ஒரு திருமணம். மணமக்களோடு கேனும் பிட் கோட்டை வரை பயணம் செய்தார். மூன்று காரியோல், ஆறு சரக்கு வண்டி, வண்டிக்கு நான்கு நாய். ராயல் ஒன்டாரியோ மியூசியத்தில் இருக்கும் ‘நாய் வண்டிகளில் பனிக்காலப் பயணம்’ என்ற எண்ணெய் ஓவியம் இந்த ஊர்வலத்தைத்தான் காட்டுகிறது. நாய்களின் முதுகில் பூவேலை செய்த துணி, சிறகு, மணி. இந்த முதுகுத்துணிகளைத் தைத்தவர்கள் மெட்டிஸ் (ஐரோப்பியர், பூர்வகுடி இரு வழியிலும் வந்தவர்கள்) பெண்களும் பூர்வகுடிப் பெண்களும். மணியும் பாசியும் கோத்து மாதக்கணக்கில் செய்த வேலை. வழி முழுக்க இதைப் போட்டுக்கொண்டு நாய்கள் ஓடியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோட்டை நெருங்கும்போது வண்டியை நிறுத்தி, நாய்களுக்கு உடுத்திவிட்டு, மணி குலுங்க உள்ளே நுழைவதுதான் பொது வழக்கம்.

இங்கேதான் எனக்குக் கேனிடம் கொஞ்சம் சங்கடம். படம் பொய்யில்லை. ஆனால் நாய் உழைக்கும் நேரத்தை விட்டுவிட்டு, உழைப்பு முடிந்து வேஷம் கட்டிய நேரத்தைப் பிடித்திருக்கிறது. துணிக்கு அடியில் வார் உரசிப் புண்ணான தோள் இருக்கலாம், தெரியாது. கேன் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் குறித்துக்கொண்டு வந்து, டொரன்டோவில் சூடான அறையில் நூறு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். ஜார்ஜ் வில்லியம் ஆலன் என்ற செல்வந்தர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். வாங்குபவரின் வரவேற்பறைக்கு எது பொருந்துமோ அது படத்தில் இருக்கிறது.

காட்டு நாய் வண்டிகளை அதிகம் வரைந்த இன்னொருவர் ஆர்தர் ஹெமிங், 1870இல் ஒன்டாரியோவில் பிறந்தவர். இளவயதில் அவருக்கு நிறக்குருடு என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று அறுபது வயது வரை கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றை மட்டும் வைத்தே வரைந்தார். பனி, இருண்ட மரம், அந்திவெயில், நாய். இந்த விஷயத்துக்கு அதற்கு மேல் என்ன நிறம் வேண்டும்? அறுபதுக்குப் பிறகு எல்லா வண்ணத்தையும் எடுத்துக் கொண்டாட்டமாகப் பூசினார். எனக்கு அந்த மூன்று நிறப் படங்களே மேல்.

கிரீன்லாந்தை டேனிஷ் ஓவியர்கள் விடவில்லை. இம்மானுவேல் பீட்டர்சன் நீலப் பனிமலைகளை நூற்றுக்கணக்கில் வரைந்தார். இலுலிசாட் ஊரின் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. கண்ணுக்குக் குளிர்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் நாய்கள் அதில் தொட்டுக்கொள்ள ஊறுகாய்போலத்தான், பனிமலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக ஓரத்தில் ஒரு வண்டி.

ஹரால்ட் மோல்ட்கே கதை வேறு. பிரபுக் குடும்பத்து ஓவியர். நட் ராஸ்முசென், மிலியுஸ் எரிக்சென் ஆகிய துருவப் பயணிகளோடு 1902-04 பயணத்தில் மெல்வில் வளைகுடாவை நாய் வண்டியில் கடந்து இனுகுயிட் மக்களிடம் போனார். சக்கியஸ் வரைந்த மக்களின் பேரப்பிள்ளைகள் காலம். வழியில் கை கால் இயங்காத அளவுக்கு நோய். வண்டியில் கட்டிவைத்த சுமையாகப் போய்ச் சேர்ந்தார். உடம்பு கொஞ்சம் தேறியதும் அந்த வேட்டைக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். நாய்கள் இழுத்திருக்காவிட்டால் அந்த முகங்கள் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்காது.

அமெரிக்க ஓவியர் ராக்வெல் கென்ட் இதில் ஒரு படி மேலே போனார். 1931இல் இல்லோர்சூயிட் என்ற சின்னக் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, நாய்கள் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டார். கிரீன்லாந்து வண்டியின் பின்புறம் பிடித்துக்கொள்ள இரண்டு நிமிர்ந்த கட்டைகள் இருக்கும். அவற்றில் கான்வாஸைக் கட்டிவிட்டு அங்கேயே நின்று வரைந்தார். வண்டியே ஸ்டூடியோ. வரைந்து முடிக்கும்வரை நாய்கள் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். அந்தக் காட்சியையே ஒரு ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார். கென்டின் நாய்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை, சுருண்டு கிடக்கின்றன. நாய் வளர்த்தவருக்குத்தான் தெரியும், வேலை நாயின் நாளில் பாதி காத்திருப்பது என்று. 1960இல் அவர் 80 ஓவியங்களையும் நூற்றுக்கணக்கான வரைபடங்களையும் சோவியத் மக்களுக்குக் கொடுத்துவிட்டதால், அமெரிக்கர் வரைந்த கிரீன்லாந்தைப் பார்க்க ரஷ்யா போக வேண்டிய நிலை.

ரஷ்யாவிலேயே இன்னொரு ஜோடி உண்டு. ஷிஷ்கின், குயிந்ஜி ஆகிய பெரிய ஓவியர்களிடம் படித்த அலெக்சாண்டர் பரீசவ் 1900இல் நோவயா செம்லியா தீவுகளுக்குப் போனார். காரா கடலில் பனி சூழ்ந்து கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று. தப்பி வந்து தீவில் பனிக்காலத்தைக் கழித்தவர், வசந்தத்தில் நாய் வண்டியில் சுற்றி வரைந்தார். குளிரில் வண்ணம் இறுகித் தூரிகை முறியும். அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த நெனெட்ஸ் என்ற வடரஷ்யப் பூர்வகுடியைச் சேர்ந்த சிறுவன் தீக்கோ வில்கா பின்னாளில் தானே ஓவியரானான். 1910-11இல் மாஸ்கோவில் கொஞ்ச காலம் படிப்பு, பிறகு மீண்டும் தீவு, வேட்டை, நாய்கள். பல ஆண்டுகள் தீவு சோவியத்தின், அதாவது உள்ளூர் ஆட்சி மன்றத்தின், தலைவராக இருந்தார். பெருநிலத்து நெனெட்ஸ் மக்கள் மான் பூட்டுவார்கள், இந்தத் தீவில் நாய்தான், அதுவும் விசிறிப் பூட்டு. வில்காவின் வண்டிகளில் அது தப்புவதில்லை. 1950களில் அணுகுண்டுச் சோதனைக்காகத் தீவு காலிசெய்யப்பட்டது. வில்கா ஆர்ஹாங்கெல்ஸ்கில் குடியேறி, நினைவிலிருந்து வரைந்து 1960இல் இறந்தார்.

தென்துருவம் நாய்களின் ஊரே அல்ல, மனிதர்கள் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே வரைந்தவர்களுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. எட்வர்ட் வில்சன் மருத்துவர், அருமையான நீர்வண்ண ஓவியர். 1902 நவம்பரில் துருவப் பயணிகள் ஸ்காட், ஷாக்கிள்டனோடு 19 நாய்களைப் பூட்டித் தெற்கே கிளம்பினார். நாய்களுக்கு எடுத்துப்போன கருவாடு வெப்பமண்டலக் கடலைத் தாண்டி வந்ததில் கெட்டுப்போயிருந்தது. நாய்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தளர்ந்ததைக் கொன்று மற்றவற்றுக்குப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் வில்சன். அதே நாட்களில், கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் மலைத்தொடரை வரைந்து வரைந்து பார்வை எரிந்து துடித்தார். தென் அட்சரேகை 82 டிகிரி 17 நிமிடம் வரை போய்த் திரும்பினார்கள். ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. வில்சனின் புகழ்பெற்ற படங்களில் இருப்பது மலையும் வானமும்தான். கத்தி நாட்குறிப்போடு நின்றுவிட்டது.

ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் பயணத்தில் ஜார்ஜ் மார்ஸ்டன் ஓவியர், ஒரு நாய் அணிக்கு ஓட்டியும் அவரே. 1915இல் கப்பலைப் பனி நொறுக்கியது. உணவு குறையக் குறைய நாய்களைச் சுட்டார்கள், கடைசி அணி 1916இல் போனது. பிறகு ஜேம்ஸ் கேர்ட் என்ற படகைக் கடலுக்குத் தயார் செய்ய இடுக்குகளை அடைத்தாக வேண்டும். தச்சர் விளக்குத் திரியைத் திணித்து, மேலே மார்ஸ்டனின் எண்ணெய் வண்ணத்தையும் சீல் இரத்தத்தையும் பூசினார். படம் போடக் கொண்டுபோன வண்ணம் உயிர் காக்கப் போய்விட்டது. 1994இல் அண்டார்டிகாவிலிருந்து நாய்களே முற்றிலும் வெளியேற்றப்பட்டன, சர்வதேச ஒப்பந்தத்தின்படி. பிரிட்டிஷ் தளத்தின் கடைசி நாய்கள் கனடாவின் இனுக்ஜுவாக் கிராமத்துக்குப் போயின.

ஆனால் அதற்குள் கனடாவின் வடக்கிலேயே நாய்கள் அருகிவிட்டிருந்தன. 1950களின் கடைசியில் கிங்காயிட் (அன்று கேப் டோர்செட்) கிராமத்தில் அச்சுப்படக் கூடம் தொடங்கியது. பிட்சியோலாக் அஷூனா என்ற விதவைத் தாய் ஐம்பது வயதுக்கு மேல் பென்சிலை எடுத்து, ஆயிரக்கணக்கில் வரைந்தார். பழைய வாழ்க்கை, பயணம், கூடாரம், நாய். ஐரோப்பிய ஓவியத்தில் வண்டி எப்போதும் எங்கோ சாகசத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே அது குடும்பம் வீடு மாற்றும் சாதனம். வண்டிமேல் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாத்திரம் பண்டம் இருக்கிறது. பாட்டிக்கு எந்த நாய் எந்தக் கயிற்றில் என்ற குழப்பமே கிடையாது.

அவர் வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாய்கள் கொல்லப்பட்டன. இன்யூட் மக்களை அரசு நிலையான கிராமங்களில் குடியமர்த்தியது. அவிழ்ந்து திரியும் நாய் ஆபத்து என்று சட்டம் பேசியது. போலீசார் சுட்டார்கள். நாய் போனால் வேட்டை போனது, வேட்டை போனால் கடைச் சாப்பாடும் உதவித்தொகையும்தான். பனியில் ஓடும் இயந்திர வண்டியான ஸ்னோமொபில் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. திட்டமிட்ட படுகொலை என்பதற்குச் சான்றில்லை என்று 2006இல் காவல்துறை தன் அறிக்கையில் சொன்னது. பாஃபின் தீவுப் பக்கத்து இன்யூட் மக்கள் அமைத்த கிகிக்தானி உண்மை ஆணையம் ஊர் ஊராகப் போய் முதியவர்களைக் கேட்டு 2010இல் வேறு சித்திரத்தைத் தந்தது. 2019இல் கனடா அரசு அந்தப் பகுதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

கியூபெக் மாகாணத்தின் வடக்கே உள்ள நுனாவிக் பகுதிக்கு அந்த மன்னிப்பு 2024 நவம்பர் 23 அன்று வந்தது. காங்கிக்சுஜுவாக் கிராமத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டவர் அப்போதைய அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி, இலங்கையில் பிறந்த தமிழர். இழப்பீடாக 4.5 கோடி கனடிய டாலர். நாய் அணிகளை மறுபடி உருவாக்கும் வேலையை அங்கத்து மக்கள் அதற்கு முன்பே கையில் எடுத்துவிட்டார்கள். அசல் இன்யூட் நாய்களை மட்டும் அனுமதிக்கும் இவாக்காக் பந்தயம் 2001இலேயே நுனாவிக்கில் தொடங்கிவிட்டது.